கண்டிப்பா, கனிவா? கோச்சுகள் பற்றி வாசகர் கேள்விகள்

ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி பேட்மின்டன் வீராங்கனை சிந்துவோட செல்போனை மூணு மாசம் வாங்கி வெச்சுக்கிட்டார் கோபிசந்த். சி.எஸ்.கே. கோச் ஃபிளெமிங், சேப்பாக்கத்துல பதற்றமே இல்லாம உட்கார்ந்திருக்கார். ரெண்டு பேருமே ஜெயிச்சவங்க. பள்ளிக்கூடத்துல நான் யாரைப் பார்த்துக் கத்துக்கறது?
– உடற்கல்வி ஆசிரியை, அண்ணா நகர்

இருவரையும் குணத்தை வைத்துப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த முடிவு யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

கோபிசந்த் தன் கையில் வைத்துக்கொண்டது போன், சாப்பாடு, பயிற்சி நேரம். ஐஸ்கிரீம்கூடக் கிடையாது. ஆனால் கோர்ட்டுக்குள் அவர் கேட்டது வேறு. இயல்பிலேயே அமைதியான சிந்துவை, அகாடமியில் மற்ற வீரர்களும் கோச்சுகளும் சுற்றி நிற்க, கோர்ட் நடுவில் நின்று கத்தச் சொன்னார். கத்தும் வரை ராக்கெட்டைத் தொடக் கூடாது என்றார். சிந்து அழுததாகவும் செய்தி உண்டு. ஒரு பாயின்ட் போனதும் கோச் பக்கம் திரும்பிப் பார்க்காமல், அந்தப் பெண் தானே தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். இன்னொன்று, அந்தக் கண்டிப்புக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. 2016 ஆகஸ்டில் வெள்ளி வாங்கியதும் போன் திரும்பி வந்தது. சிந்துவுக்கு அப்போது 21 வயது, எதற்காக இதெல்லாம் என்று தெரிந்தே ஒத்துக்கொண்டவர். நம் ஊர் அகாடமிகள் சில, போனைப் பிடுங்குவதை மட்டும் காப்பியடித்து, தேதியையும் காரணத்தையும் விட்டுவிடுகின்றன.

ஃபிளெமிங் 2009 முதல் சி.எஸ்.கே.யின் கோச். அங்கே மீட்டிங் குறைவு என்று அந்த அணியில் ஆடியவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பந்தை எப்படி அடிப்பது என்பது ஆடுபவர் பாடு. ஆனால் யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது என்பதில் அவரும் தோனியும் லேசில் அசைய மாட்டார்கள். 2019-ல் வாட்சன் ஆட்டத்துக்கு ஆட்டம் சொதப்பினார். வேறு அணியாக இருந்தால் நாலாவது ஆட்டத்திலேயே பெஞ்சுக்குப் போயிருப்பார். இங்கே தொடர்ந்து ஆட வைத்தார்கள். ஏப்ரலில் சேப்பாக்கத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக 53 பந்தில் 96 அடித்தார். பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் இது பெரிய பிடிவாதம். அதே பிடிவாதம் 2020-ல் ஏழாவது இடத்திலும், 2025-ல் கடைசி இடத்திலும் கொண்டுபோய் விட்டது. இளைஞர்களை உள்ளே விட்டது 2025 சீசன் பாதியை எட்டும்போதுதான். பொறுமைக்கும் தாமதத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் இந்தப் பாணியின் தீராத சிக்கல்.

கண்டிப்பு எங்கே கெட்டுப்போகிறது என்பதற்கு, இந்திய கிரிக்கெட் அணிக்கு கிரெக் சேப்பல் கோச்சாக இருந்த காலத்தைப் பாருங்கள். 2005-ல் கங்குலியைப் பற்றி அவர் கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் பத்திரிகையில் வெளிவந்தது. அதில் இருந்தது சரியா தப்பா என்பதைக்கூட விடுங்கள். வீரரைப் பற்றிய குறை வீரருக்கு வெளியே போய்ச் சுற்றி வந்தால், அதற்கப்புறம் அணியில் ஒருவரும் கோச்சிடம் மனசு விட்டுப் பேச மாட்டார்கள். 2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. அடுத்து 2008-ல் வந்த கேரி கிர்ஸ்டன் செய்தது ஆரவாரம் இல்லாத வேலை. மூத்தவர்கள் எந்தப் பயிற்சிக்கு வருவது என்பதை அவர்களிடமே பெரும்பாலும் விட்டார். வலையில் நின்று சலிக்காமல் தானே பந்து எறிந்து கொடுத்தார். 2011-ல் கோப்பை வந்தது. டெண்டுல்கர், ஜாகீர், சேவாக் உள்ள அணிக்கு இது பொருந்தும். 13 வயதுப் பிள்ளைகளை "விருப்பம் இருந்தா வாங்க" என்று விட்டால் மைதானத்தில் நீங்களும் காக்கைகளும்தான் இருப்பீர்கள்.

உங்கள் பள்ளிக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். 12 வயது வரை பயிற்சி, நேரம், குழு பிரிப்பு எல்லாம் உங்கள் முடிவு. ஆட்டத்துக்குள் மட்டும் வாயை மூடிக்கொண்டு அவர்களை விளையாட விடுங்கள். (பெரும்பாலும் நடப்பது தலைகீழ். பயிற்சியில் ஏனோதானோ, ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பாஸுக்கும் கூச்சல்.) 13 முதல் 16 வரை வாரத்தில் ஒரு பயிற்சியின் கடைசி 20 நிமிடத்தை அவர்களே திட்டமிடட்டும். வார்ம்-அப்பை கேப்டன் நடத்தட்டும். 17-க்கு மேல் எதிரணியைப் பற்றிய திட்டத்தில் பாதி அவர்களிடமிருந்து வர வேண்டும். அணித் தேர்வை மட்டும் எந்த வயதிலும் ஓட்டுக்கு விடாதீர்கள். நட்பு, கோஷ்டி, சாதி எல்லாம் அதில் நுழையும். தேர்வுக்கான காரணத்தை, பெயர்ப் பட்டியலை ஒட்டுவதற்கு முன்னாலேயே, விடுபட்ட பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பெரிய ஆட்டக்காரரா இருந்தவர்தான் நல்ல கோச் ஆக முடியுமா?
– திருவல்லிக்கேணி வாசகர்

டெண்டுல்கரை உருவாக்கிய ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். ஆட்டத்தில் பெரிய பெயர் வாங்கியவர்களிலும் நல்ல கோச்சுகள் உண்டு, கோபிசந்த் 2001 ஆல் இங்கிலாந்து சாம்பியன். ஆக, இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அகாடமியில் சேர்க்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். "என் பையன் அடிக்கிற பந்து ஏன் மேலே போகுது?" என்று கேளுங்கள். உடனே பதில் சொல்பவரை விட, "நாலு பந்து அடிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்பவரிடம் விடுங்கள்.

கால்பந்து அணி சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கப் வாங்கியது. அடுத்த சீசனில் கடைசி இடம். கோச் ஜான் கிரெகரி அதே ஆள்தானே, என்ன ஆச்சு?
– பெரியமேடு வாசகர்

ஆள் அதேதான், கையில் இருந்த பொருள் மாறிவிட்டது. பெங்களூரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். எதிரணியான பெங்களூருவின் சேத்ரி ஆரம்பத்திலேயே கோல் போட்டார். பிறகு கார்னரிலிருந்து வந்த பந்துகளை நம் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 3–2. கார்னர் கோல் தற்செயலாக வருவதில்லை. யார் முன்கம்பத்துக்கு ஓடுவது, யார் கோல்கீப்பரை மறைப்பது என்று சலிக்கச் சலிக்கச் செய்து பார்த்தால்தான் வரும். கட்டளையிட்டுச் செய்ய வைக்கும் கோச்சுக்கு அது கைவந்த கலை. ஆனால் அதைக் களத்தில் நிறைவேற்ற ஆள் வேண்டும். அடுத்த சீசனில் தடுப்பு வரிசையின் தலைவர் செரெனோ இல்லை. நடுக்களத்தில் வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியே. முறை அப்படியே இருந்தது, அதைத் தாங்கிய தூண்கள் இல்லை.

2019 டிசம்பரில் கிரெகரிக்குப் பதிலாக ஓவன் கோயில் வந்ததும், அந்த சீசனில் கிரெகரியிடம் இருந்த ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை முன்னேறி ஆட விட்டார். கீழே கிடந்த அணி நாலாவது இடத்துக்கு ஏறி, இறுதி வரை போய் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1–3 என்று தோற்றது. இதை வைத்து கோயில் கெட்டிக்காரர், கிரெகரி மோசம் என்று எழுதியவர்கள் உண்டு. அவசரத் தீர்ப்பு அது. புது கோச் வந்த முதல் சில வாரங்களில் பெஞ்சில் இருந்தவனும் தன்னை நிரூபிக்கப் பார்ப்பான், அந்த வேகம் எங்கேயும் கிடைக்கும். நீங்கள் ஒரு கிளப் நடத்துபவரானால், தோல்வி தொடரும்போது கோச்சை மாற்றும் முன் போன வருட முதல் பதினொருவர் பட்டியலை எடுத்து, இப்போது இல்லாதவர்களின் பெயர்மேல் கோடு போட்டுப் பாருங்கள். மூன்று பேருக்கு மேல் முதுகெலும்பு இடங்களில் (கோல்கீப்பர், நடுத் தடுப்பு, நடுக்களம்) கோடு விழுந்திருந்தால், பழைய முறையையே கட்டிப் பிடிக்கிறாரா என்பதுதான் கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்வி.

எங்க டீம்ல ஒரு பையன் ரொம்ப நல்லா ஆடுவான். பயிற்சிக்கு மட்டும் தினமும் லேட். உட்கார வெச்சா மேட்ச் போயிடும். ஃபெர்குசன் மாதிரி கறாரா இருக்கணும்னு நண்பர்கள் சொல்றாங்க.
– கால்பந்து கோச், வியாசர்பாடி

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை நடத்திய ஃபெர்குசனின் ஒரு பக்கத்தை மட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள். பெக்காமை 2003-லும் ராய் கீனை 2005-லும் அனுப்பியவர் அவர்தான். ரசிகரை உதைத்து 1995-ல் எட்டு மாதம் தடை வாங்கிய கேன்டோனாவை, கிளப்பை விட்டுப் போகாதே என்று பாரிஸ் வரை போய்ப் பேசித் திருப்பியவரும் அவர்தான். தவிர, அவருக்கு ஒருவன் போனால் அடுத்தவன் இளைஞர் அணியில் தயாராக நின்றான். உங்களிடம் மொத்தமே 15 பேர் இருப்பார்கள்.

முதலில் அந்தப் பையன் ஏன் தாமதமாக வருகிறான் என்று பாருங்கள். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு முன் பால் பாக்கெட் போடுகிறானா, தண்ணி லாரிக்குக் குடம் தூக்குகிறானா, தம்பியைப் பள்ளியில் விடுகிறானா? அப்படியென்றால் அது ஒழுக்கப் பிரச்சினையே இல்லை, நேரத்தை 20 நிமிடம் தள்ளிவைத்தால் தீரும். சும்மா தூங்கிவிட்டு வருகிறான் என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

விதியைத் தாமதம் நடக்கும் முன்பே எல்லார் எதிரிலும் சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு முறை காரணமில்லாமல் தாமதமானால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதி பெஞ்சில். யாராக இருந்தாலும். இரண்டாம் பாதியில் கட்டாயம் இறக்குங்கள், அதோடு கணக்கு முடிந்தது, பழைய கதையை மறுபடி எடுக்காதீர்கள். மேட்ச் போய்விடும் என்ற பயம் இருந்தால், இதை லீக் தொடங்கும் முன் நட்பு ஆட்டங்களிலேயே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். பிறகு தேவைப்படாது.

செய்யக் கூடாதது, மைதானத்தைச் சுற்றி 20 ரவுண்டு ஓட விடுவது. ஓட்டம் உங்கள் விளையாட்டின் அடிப்படை. அதைத் தண்டனை ஆக்கினால் எப்போது ஓடச் சொன்னாலும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். வார்ம்-அப் செய்யாமல் வந்தவனை நேராக வேகமாக ஓட விட்டால் தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அவன் வீட்டைப் பற்றி மற்றவர்கள் முன் பேசுவதும் கூடாது. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், பேச்சு ஆளுக்குத் தக்கபடி மாறட்டும்.

இடைவேளையில் என்ன பேசுவது என்றே தெரிவதில்லை. பேசி முடிப்பதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள்.
– பெண்கள் கால்பந்து அணி கோச், நந்தனம்

கால்பந்தில் அதிகபட்சம் 15 நிமிடம் என்று விதி. உள்ளூர்ப் போட்டிகளில் பத்துக்கு மேல் கிடைப்பதில்லை. பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் மூன்று நிமிடம் நீங்கள் பேசவே கூடாது. அவர்கள் உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு இறங்கட்டும். நாடித்துடிப்பு உச்சியில் இருக்கும்போது சொன்னது காதில் விழும், மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் நீங்கள் உதவியாளரோடு தள்ளி நின்று, சொல்ல வேண்டியதை இரண்டே விஷயமாகச் சுருக்குங்கள். நாலாவது நிமிடத்தில் இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவர் தடுப்பில் ஆடுபவர், ஒருவர் முன்னால் ஆடுபவர்: "எங்கே இடம் கிடைக்குது? எங்கே நம்மளப் பிடிக்கிறாங்க?" நீங்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து பார்த்ததும் அவர்கள் உள்ளேயிருந்து உணர்ந்ததும் அடிக்கடி வேறாக இருக்கும். ஆறாவது நிமிடம் முதல் உங்கள் இரண்டு விஷயங்கள். "நல்லா பிரஸ் பண்ணுங்க" என்பது விஷயம் அல்ல. "அவங்க இடது பேக் பந்தை வாங்கினதும் நம்ம ஏழாம் நம்பர் ஓடணும், எட்டாம் நம்பர் உள்பக்கம் மூடணும்" என்பதுதான் விஷயம். பலகையில் காயை நகர்த்திக் காட்டுங்கள், காட்டியதை ஒரு பெண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நிமிடம் தனித்தனியாக ஒரு வார்த்தை, மாற்று ஆட்டக்காரருக்கும் சேர்த்து.

எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சென்னை வெயிலில் மூன்றரை மணி ஆட்டம் என்றால் நிழல்தான் முதல் தேவை. நிழல் இல்லையென்றால் சூரியன் அவர்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், கண் கூசுவது உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். அவர்களைத் தரையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நெட்டையாக நின்று பேசாமல் குத்துக்காலிட்டு உட்காருங்கள். பெற்றோரும் எதிரணியும் அவர்கள் கண்ணில் படாதபடி உங்கள் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரோ வேலியோ இருந்தால் நல்லது.

பெரும்பாலும் கெடுப்பவை மூன்று. நடுவரைத் திட்டுவது முதலாவது, அதைக் கேட்ட அணி இரண்டாம் பாதியில் நடுவரோடுதான் ஆடும். கோல் விட்ட கோல்கீப்பரை எல்லார் முன்பும் கேள்வி கேட்பது இன்னொன்று. மூன்றாவது, ஐந்தாறு விஷயங்களைக் கொட்டுவது. ஹாக்கியில் கால் பகுதிகளுக்கு நடுவே இரண்டே நிமிடம், அங்கே ஒரு விஷயத்துக்கு மேல் கூடவே கூடாது.

சிலர் பேசாமலே வேலை வாங்குவார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் 11 என்.பி.ஏ. பட்டம் வென்ற ஃபில் ஜாக்சன், அணி தடுமாறும்போது உடனே டைம்-அவுட் கேட்காமல், நீங்களே வழி கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவார். பயிற்சியில் அதற்கான ஆட்ட முறையை ஊட்டிவைத்த பிறகுதான் அந்த மௌனம் பலித்தது.

என் மகளுக்கு வயது 10. செஸ் கோச் இஞ்சின் (சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம்) பக்கமே போகக் கூடாது என்கிறார். மற்ற பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். அவர் பழைய காலத்து ஆளோ?
– ஒரு தாய், முகப்பேர்

குகேஷின் கோச் விஷ்ணு பிரசன்னாவும் அதைத்தான் செய்தார், கிட்டத்தட்ட 2500 ரேட்டிங் வரை. இஞ்சின் விடையைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. விடை கையில் இருந்தால் பிள்ளை கணக்குப் போடுவதை நிறுத்திவிடும். போர்டில் உட்காரும்போது அந்தத் தசைதான் வேண்டும். பிரக்ஞானந்தாவுக்குக் கற்றுக்கொடுத்த ஆர்.பி. ரமேஷும் தன் மாணவர்களிடம் காயைத் தொடாமல் நீளமாகக் கணக்கிடுவதைத்தான் வற்புறுத்துவார்.

ஆனால் கதையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷின் பின்னால், ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) தயாரிப்புக்கு கஜெவ்ஸ்கி தலைமையில் தனிக் குழு இருந்தது. மனப் பயிற்சிக்கு பேடி அப்டன் இருந்தார், 2011-ல் கிர்ஸ்டனோடு வேலை பார்த்த அதே அப்டன். இஞ்சினும் அப்போது தாராளமாகப் பயன்பட்டது. அந்தந்தக் கட்டத்தில் தன்னால் தர முடியாததைத் தருபவருக்கு இடம் விடுவது எத்தனையோ கெட்டிக்காரக் கோச்சுகளால் முடியாத காரியம்.

வீட்டில் இப்படிச் செய்யலாம். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் மகள் அதிக நேரம் எடுத்த மூன்று நகர்வுகளுக்கு வட்டம் போடட்டும். (நகர்த்தும்போதே பக்கத்தில் மீதி நேரத்தைக் குறிக்கப் பழக்குங்கள்.) அரை மணி நேரம், அங்கே என்ன நினைத்தாள் என்று பேனாவால் எழுதட்டும். பிறகு கோச் பார்க்கட்டும். இஞ்சின் வேண்டுமென்றால் கோச் பார்த்த பின், பத்து நிமிடம், அவர் பக்கத்தில் இருக்கும்போது. கோச்சிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "எந்தக் கட்டத்துல இஞ்சினைத் திறப்பீங்க?" என்பது. பதில் இருந்தால் அவர் திட்டத்தோடு செய்கிறார். "அதெல்லாம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் நீங்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

நான் எப்படிப்பட்ட கோச் என்று எனக்கே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாலிபால் கோச், ஆவடி

உண்டு, அதற்கு அடித்தளம் போட்டவர் நம்மவர். இந்தியாவிலிருந்து கனடா போய்ப் பேராசிரியரான பாக்கியநாதன் செல்லத்துரை, சாலே என்பவரோடு சேர்ந்து, 40 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். கற்பித்தல், கலந்து முடிவெடுத்தல், தானே முடிவெடுத்தல், ஆதரவு, பாராட்டு என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை ஐந்து பதில்கள். ஆட்டக்காரருக்கு எப்படிப்பட்ட கோச் பிடிக்கும், அவர் தன் கோச்சை எப்படிப் பார்க்கிறார், கோச் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று மூன்று விதமாக நிரப்பலாம். மதிப்பெண்ணை விட மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் விஷயம். கலந்து பேசித்தான் முடிவெடுக்கிறேன் என்று கோச்சும், எங்களை எங்கே கேட்டார் என்று பிள்ளைகளும் எழுதுவது சாதாரணம்.

கேள்வித்தாள் கைக்கு வராவிட்டால் இதைச் செய்யுங்கள். 1974–75 சீசனில் அமெரிக்காவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து கோச் ஜான் வுடன் பயிற்சியில் பேசியதை இரண்டு ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம் வென்றவர் அவர். ஏறத்தாழ முக்கால் பங்கு, 'இப்படிச் செய்' என்ற தகவல் மட்டுமே. பாராட்டும் சரி, திட்டும் சரி, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தப்பு நடந்தால் சரியானதைச் செய்து காட்டுவார், நீ செய்தது இது என்று காட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும்.

சட்டைப் பையில் போனை வைத்து 20 நிமிடப் பயிற்சியைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டு, தாளில் நாலு கட்டம் போட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கோடு: செய்முறை சொன்னது, கேள்வி கேட்டது, பாராட்டியது, திட்டியது. "சூப்பர்", "டேய்", "கமான்" எல்லாம் எந்தக் கட்டத்திலும் சேராது, தனியாக எண்ணுங்கள். அது எவ்வளவு அதிகம் என்பதே முதல் பாடம். அதன்பின் 12 பேரின் பெயரையும் எழுதி, பதிவை மறுபடி கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை டிக் செய்யுங்கள். டிக் இல்லாத நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் நடுத்தரமாக ஆடுபவர்கள். மிக நன்றாக ஆடுபவனும் மிக மோசமாக ஆடுபவனும் கோச்சின் வாயில் தானாக வந்துவிடுவார்கள்.

பதிவு செய்வதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். முதல் நாள் எல்லாரும் சமர்த்தாக நடந்துகொள்வார்கள், நீங்களும்தான். ஆகவே மூன்றாவது பதிவிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.